இரண்டு பங்கு, ஒரு மொத்தம்: திட்ட வடிவச் சமன்பாடு நடைமுறையில்

நடைமுறைக் கணக்கைச் சமன்பாடாக மாற்றும்போது பெரும்பாலான தவறுகள் தீர்க்கும் இடத்தில் நடப்பதில்லை, எழுதும் இடத்தில்தான் நடக்கின்றன. நீக்கல் முறையும் பிரதியிடல் முறையும் பிழையில்லாமல் செய்யத் தெரிந்தவர்கள்கூட முதல் வரியைத் தவறாக எழுதிவிட்டு, அந்தத் தவறான வரிக்கு மிகச் சரியான விடையைக் கண்டுபிடித்து வைப்பார்கள். அதனால் தீர்க்கும் முறைகளைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டு, எழுதுவதையும் விடையைச் சோதிப்பதையும் விரிவாகப் பார்ப்போம்.

இரண்டு மாறிகள் கொண்ட நேரியல் சமன்பாட்டின் திட்ட வடிவம் இது:

அ·க + ஆ·ச = இ

அ, ஆ, இ மூன்றும் தெரிந்த எண்கள். க, ச இரண்டும் தெரியாதவை, அதாவது மாறிகள். அ, ஆ இரண்டும் ஒருசேரச் சுழியாக இருக்கக் கூடாது. முடிந்தவரை மூன்றையும் பொதுக் காரணி இல்லாத முழு எண்களாக, அ-வை மிகை எண்ணாக வைத்துக்கொள்வது வழக்கம். சில பாடநூல்கள் இ-யையும் இடப்பக்கம் கொண்டுவந்து வலப்பக்கத்தில் சுழியை நிறுத்தும். அப்போது இ-யின் குறி மாறிவிடும். சூத்திரத்தை ஒரு நூலில் இருந்தும் சமன்பாட்டை இன்னொரு நூலில் இருந்தும் எடுப்பவர்கள் வழுக்குவது இந்தக் குறியில்தான்.

இந்த வடிவத்தை வாய்விட்டுப் படித்தால் அது சொல்வது ஒன்றே ஒன்று: இந்த வகையின் பங்கும் அந்த வகையின் பங்கும் சேர்ந்து இந்த மொத்தம். எந்தக் கணக்கில் இரண்டு வகைகள் ஒரே மொத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றனவோ, அங்கே திட்ட வடிவம் தானாக வந்து உட்காரும். தொட்டியில் ஏற்கெனவே 40 லிட்டர் இருக்கிறது, நிமிடத்துக்கு 3 லிட்டர் சேர்கிறது என்பது அப்படிப்பட்ட கணக்கல்ல. அதில் ஒரு தொடக்க அளவும் ஒரு வீதமும் இருக்கின்றன. அதற்கு ச = 3க + 40 போன்ற சாய்வு-வெட்டு வடிவமே பொருத்தம். கணக்கைப் படித்ததும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: இங்கே இருப்பது இரண்டு பங்குகளா, அல்லது ஒரு தொடக்கமும் ஒரு வளர்ச்சியுமா? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிறவர்கள், எல்லாக் கணக்கையும் ஒரே அச்சில் வார்க்கப் பார்த்துத் தடுமாறுகிறார்கள்.

அடுத்தது மாறிகளுக்குப் பெயர் வைப்பது. "க என்பது குழாய்" என்று எழுதக் கூடாது. "க என்பது வெட்ட வேண்டிய சிறிய துண்டுகளின் எண்ணிக்கை" என்று முழு வாக்கியமாக எழுத வேண்டும். மாறி ஒரு பொருளின் சுருக்கப் பெயர் அல்ல, அது ஓர் எண். இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்று காட்ட ஒரு பழகிய சோதனை உண்டு. "ஒவ்வோர் ஆசிரியருக்கும் 6 மாணவர்கள்" என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னால், 6 மாணவர் = 1 ஆசிரியர் என்ற படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 6மா = ஆ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். பொறியியல் படிப்பவர்களும் இதில் தவறுவதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. எண்ணை இட்டுப் பார்த்தால் தவறு உடனே வெளிச்சமாகும். ஆசிரியர்கள் 10 பேர் என்றால் மாணவர்கள் 60 பேர். 6மா = ஆ என்பதில் இட்டால் 360 = 10 என்று வருகிறது. சரியான வரி மா = 6ஆ. திட்ட வடிவில் மா − 6ஆ = 0. எந்தச் சமன்பாட்டை எழுதினாலும், தீர்க்கத் தொடங்கும் முன்பு இப்படி ஒரு பொருத்தமான சோடி எண்ணை இட்டுப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

பிறகு அலகு. சமன்பாட்டில் உள்ள மூன்று உறுப்புகளும் ஒரே அலகில் இருக்க வேண்டும். கிலோமீட்டரோடு கிலோமீட்டரைத்தான் கூட்ட முடியும். ஒருவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் கொஞ்ச நேரம் நடக்கிறார், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் கொஞ்ச நேரம் மிதிவண்டியில் போகிறார், மொத்தம் 40 கி.மீ. கடக்கிறார், 4 மணி நேரம் ஆகிறது. க, ச இரண்டையும் மணிக்கணக்கு என்று எடுத்துக்கொண்டால்:

5க + 15ச = 40
க + ச = 4

முதல் வரியின் உறுப்புகள் எல்லாம் கிலோமீட்டர், இரண்டாம் வரியில் எல்லாம் மணி. முதல் வரியை 5-ஆல் வகுத்தால் க + 3ச = 8. அதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 2ச = 4. நடை 2 மணி, மிதிவண்டி 2 மணி.

இதே கணக்கில் மாறிகளைத் தூரமாக எடுத்துக்கொண்டால் வரிகள் வேறாகும். க + ச = 40 என்பது தூரம். நேரம் க/5 + ச/15 = 4, பதினைந்தால் பெருக்கினால் 3க + ச = 60. கழித்தால் 2க = 20, நடந்தது 10 கி.மீ., மிதிவண்டியில் 30 கி.மீ. இரண்டு வழியும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன. தவறு நடப்பது இரண்டையும் கலக்கும்போது: க-வைத் தூரமாக வரையறுத்துவிட்டு 5க என்று எழுதுவது. அந்த உறுப்பின் அலகு என்ன என்று கேட்டாலே பிழை பிடிபட்டுவிடும். கி.மீ.-யை மீண்டும் வேகத்தால் பெருக்கினால் அது தூரமும் இல்லை, நேரமும் இல்லை.

பின்னங்களையும் தசமங்களையும் நீக்கும்போது எல்லா உறுப்புகளையும் பெருக்க வேண்டும். 0.25க + 1.5ச = 12 என்பதை நான்கால் பெருக்கினால் க + 6ச = 48. இடப்பக்கத்தை மட்டும் பெருக்கிவிட்டு 12-ஐ அப்படியே விட்டுவிடுவது, தேர்ந்த கைகளிலும் அவசரத்தில் நடக்கும் தவறு.

இனி, தீர்ப்பதற்கு முன்பே விடையின் எல்லையைக் கண்டுகொள்ளும் ஒரு பழக்கம். திட்ட வடிவத்தின் பெரிய வசதியே இதுதான் என்பது எங்கள் எண்ணம். ச-வைச் சுழி ஆக்கினால் க எவ்வளவு, க-வைச் சுழி ஆக்கினால் ச எவ்வளவு என்று இரண்டே வகுத்தலில் வெட்டுத்துண்டுகள் கிடைத்துவிடும். க + 3ச = 8 என்பதில் முழுவதும் நடந்தால் 8 மணி, முழுவதும் மிதிவண்டி என்றால் 8/3 மணி. (இதை 2.67 மணி என்று எழுதிவிட்டு 2 மணி 67 நிமிடம் என்று படிப்பவர்கள் உண்டு. அது 2 மணி 40 நிமிடம்.) கொடுத்திருக்கும் 4 மணி இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே இருக்கிறது, ஆகவே கணக்குக்கு விடை உண்டு. 2 மணியில் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டிருந்தால், தீர்க்கவே தேவையில்லை. எப்படிப் பங்கிட்டாலும் முடியாது.

கலவைக் கணக்கில் இந்தப் பழக்கம் இன்னும் அதிகமாகக் கைகொடுக்கும். 10 விழுக்காடு உப்புக் கரைசலும் 35 விழுக்காடு பசைக் கரைசலும் என்று இரு வேறு பொருள்களைக் கலப்பதல்ல இது. ஒரே பொருளின் இரண்டு செறிவுகள் இருக்க வேண்டும். 10 விழுக்காடும் 25 விழுக்காடும் கொண்ட இரண்டு உப்புக் கரைசல்களைக் கலந்து 13 விழுக்காட்டில் 20 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்துக்கு ஒரு வரி, உப்புக்கு ஒரு வரி:

க + ச = 20
10க + 25ச = 13 × 20 = 260

இரண்டாவதை ஐந்தால் வகுத்தால் 2க + 5ச = 52. முதலாவதை இரண்டால் பெருக்கிக் கழித்தால் 3ச = 12. அடர்த்தியான கரைசல் 4 கிலோ, நீர்த்தது 16 கிலோ. சோதனை: 1.6 கிலோ உப்பும் 1 கிலோ உப்பும் சேர்ந்து 2.6 கிலோ. 20 கிலோவில் 13 விழுக்காடு அதேதான்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, வலப்பக்கத்தில் 260-க்குப் பதில் 13 என்று எழுதிவிடுவது. 13 என்பது விழுக்காடு. இடப்பக்கத்தில் இருப்பதோ உப்பின் அளவு. மறுபடியும் அலகுதான். சமன்பாடு இல்லாமலே விடையைச் சரிபார்க்கவும் வழி உண்டு. 13 என்பது 10-இல் இருந்து 3 தள்ளியும், 25-இல் இருந்து 12 தள்ளியும் நிற்கிறது. தூரங்களை மாற்றிப் போட்டால் 12 : 3, அதாவது 4 : 1. இருபதை அந்த விகிதத்தில் பிரித்தால் 16, 4. இலக்கு 30 விழுக்காடு என்றால் இரண்டு எல்லைகளுக்கும் வெளியே போய்விடுகிறது. பிடிவாதமாகத் தீர்த்தால் ச-வுக்கு 26 கிலோவுக்கு மேலும், க-வுக்குக் குறை எண்ணும் வரும். குறை எண் வந்தால் கூட்டல் கழித்தலில் பிழை தேடுவதற்கு முன்பு, கேட்டது நடக்கக்கூடியதா என்று பார்க்க வேண்டும்.

கிலோ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எடை கூடும், கன அளவு எப்போதும் கூடாது. 50 மில்லிலிட்டர் எத்தனாலையும் 50 மில்லிலிட்டர் தண்ணீரையும் சேர்த்தால் 100 வராது, 96 அல்லது 97 மில்லிலிட்டர்தான் வரும். மூலக்கூறுகள் நெருங்கி அடைவதால் கன அளவு சுருங்குகிறது. அப்படிப்பட்ட இடத்தில் க + ச = 100 என்று மில்லிலிட்டரில் எழுதிய வரியே பொய். எடையில் எழுதினால் அது மெய்.

அடுத்து, விடை முழு எண்ணாக இருந்தே ஆக வேண்டிய கணக்குகள். 600 செ.மீ. நீளமுள்ள ஒரு குழாயை 45 செ.மீ. துண்டுகளாகவும் 70 செ.மீ. துண்டுகளாகவும் மிச்சமில்லாமல் வெட்ட வேண்டும்:

45க + 70ச = 600

ஐந்தால் வகுத்தால் 9க + 14ச = 120. அரைத் துண்டு என்று ஒன்று கிடையாது. ஆகவே இந்தச் சமன்பாட்டை வரைந்தால் வரும் கோட்டின் மேல் இருக்கும் எண்ணற்ற புள்ளிகளில் முழு எண் புள்ளிகள் மட்டுமே நமக்குப் பயன்படும். அப்படி ஒன்றாவது இருக்கிறதா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. கெழுக்கள் (மாறிகளின் முன் நிற்கும் எண்கள்) இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி வலப்பக்க எண்ணை மீதியின்றி வகுக்க வேண்டும். 6க + 9ச = 50 என்றால் 3 ஐம்பதை வகுக்காது, அதற்கு முழு எண் விடையே இல்லை. ஒன்பதுக்கும் பதினான்குக்கும் பொது வகுத்தி 1, எனவே நம் கணக்குக்கு முழு எண் விடைகள் உண்டு. ஆனால் அவை குறை எண்களாகவும் இருக்கலாம் என்பதால் தேடித்தான் பார்க்க வேண்டும். இவ்வகைச் சமன்பாடுகளுக்கு முழு எண் விடை காணும் வழியை ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டில் ஆரியபட்டீயத்தில் தந்தார். பின்னால் வந்தவர்கள் அதைக் குட்டகம் என்று அழைத்தார்கள். பெரிய எண்களைப் படிப்படியாக நொறுக்கிச் சிறியதாக்கும் முறை என்பதால் அந்தப் பெயர். நம் எண்கள் சிறியவை, அவ்வளவு தேவையில்லை. பெரிய கெழு உள்ள மாறியைப் பிடித்துக்கொண்டு எண்ணினால் போதும், அதற்கு வாய்ப்புகள் குறைவு. ச அதிகபட்சம் 8. 120-இல் இருந்து பதினான்கு பதினான்காகக் கழித்துக்கொண்டே வந்தால் 106, 92, 78, 64, 50, 36. இவற்றில் 36-தான் ஒன்பதால் வகுபடுகிறது. ஆகவே ச = 6, க = 4. 180-உம் 420-உம் சேர்ந்து சரியாக 600. இன்னொரு விடை வேண்டுமென்றால் ச 9 நகரும்போது க 14 நகர வேண்டும், அங்கே ஏதாவது ஒன்று குறை எண்ணாகிவிடும். ஆக, இது ஒன்றே விடை.

தாளில் இது அழகான விடை. வெட்டும் மேசையில் இது தோற்றுப்போகும். ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் உலோகத்தைத் தூளாக்கிவிடுகிறது. அந்த அகலம் 3 மி.மீ. என்றால், பத்துத் துண்டுகளுக்கு ஒன்பது வெட்டு, 27 மி.மீ. இழப்பு. கடைசித் துண்டு 70 செ.மீ. என்றால் கையில் வருவது 67.3 செ.மீ. தவறு தீர்வில் இல்லை, ரம்பத்தின் அகலத்தை வரியில் சேர்க்காததில் இருக்கிறது.

சேர்ப்பது எளிது. ஒவ்வொரு துண்டும் தன் நீளத்தோடு ஒரு வெட்டின் அகலத்தையும் தின்கிறது என்று கொள்ளலாம், கடைசித் துண்டுக்கு மட்டும் வெட்டு வேண்டாம். ஆகவே மொத்தத்திலும் ஒரு வெட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மில்லிமீட்டரில்:

453க + 703ச ≤ 6003

சமன் குறி "அதற்கு மிகாமல்" என்ற குறியாக மாறிவிட்டதைக் கவனியுங்கள். மிச்சமே இல்லாமல் வெட்ட வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, மிச்சம் குறைவாக இருக்கட்டும் என்று இறங்கி வர வேண்டியிருக்கிறது. ச-வுக்கு 0 முதல் 8 வரை ஒவ்வொன்றாக வைத்து, மீதியில் எத்தனை 453 அடங்கும் என்று பார்த்தால் ஒன்பது வரிகளில் முடிந்துவிடும். ச = 4 என்னும்போது 2812 போக மீதி 3191, அதில் ஏழு 453 (3171) அடங்கும். சின்னத் துண்டு ஏழு, பெரிய துண்டு நான்கு. மிச்சம் இருப்பதால் கடைசித் துண்டுக்கும் ஒரு வெட்டு வேண்டும்; பதினொரு வெட்டும் போக மிஞ்சுவது 17 மி.மீ. மட்டுமே. மற்ற எட்டு வாய்ப்புகளும் இதைவிட அதிகமாக வீணாக்குகின்றன. முதல் விடையில் (4, 6) இருந்து புதிய விடைக்கு (7, 4) கணக்கு எவ்வளவு தூரம் தள்ளிப் போய்விட்டது பாருங்கள். பழைய விடையில் ஒரு துண்டைக் குறைத்துச் சமாளித்திருந்தால், பெரியதில் ஒன்றைக் குறைத்தாலும் சிறியதில் ஒன்றைக் குறைத்தாலும், 40 செ.மீ.-க்கு மேல் வீணாகியிருக்கும். நிபந்தனை மாறினால் பழைய விடையைத் திருத்தக் கூடாது, புதிதாகத் தேட வேண்டும்.

பொருளையும் இயந்திர நேரத்தையும் இப்படி வரம்புக்குள் பங்கிடும் கணக்குகளை சோவியத் கணிதவியலாளர் லியோனித் கன்டோரோவிச் 1939-இல் முறைப்படுத்தினார். ஒட்டுப்பலகைத் தொழிலில் இயந்திரங்களுக்கு வேலை பிரிப்பது பற்றிய கேள்வியில் இருந்துதான் அவர் தொடங்கினார்.

இதுவரை கெழுக்கள் தெரிந்தவை, எண்ணிக்கைகள் தெரியாதவை. தலைகீழாகவும் வரும். ஓர் அச்சு இயந்திரம் கறுப்புப் பக்கத்துக்கு எத்தனை நொடி, வண்ணப் பக்கத்துக்கு எத்தனை நொடி எடுக்கிறது என்று தெரிய வேண்டும். 4 கறுப்பு, 6 வண்ணம் அச்சிட 50 நொடி ஆகிறது. உறுதிப்படுத்திக்கொள்ள 6 கறுப்பு, 9 வண்ணம் அச்சிட்டால் 75 நொடி.

4க + 6ச = 50
6க + 9ச = 75

இரண்டு வரி, இரண்டு மாறி, தீர்ந்தது என்று தோன்றும். தீராது. முதல் வரியை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டாவது வந்துவிடுகிறது. அது ஒரே செய்தி, இரண்டு முறை சொல்லப்பட்டிருக்கிறது. இதைக் குறுக்கே பெருக்கிக் கண்டுபிடிக்கலாம்: 4 × 9 = 36, 6 × 6 = 36. இரண்டும் சமமானால் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன, அல்லது இணையாக ஓடுகின்றன. இரண்டாவது சோதனையில் வேலையின் விகிதத்தை மாற்றியிருக்க வேண்டும். 10 கறுப்பும் 5 வண்ணமும் 55 நொடி என்று கிடைத்தால் 2க + ச = 11. முதலாவதை இரண்டால் வகுத்து 2க + 3ச = 25. கழித்தால் 2ச = 14. வண்ணம் 7 நொடி, கறுப்பு 2 நொடி.

ஆனால் அதே விகிதத்தில் இருமுறை அளப்பது முழுக்க வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 4, 6-க்கு 60 நொடியும், 6, 9-க்கு 85 நொடியும் வந்திருந்தால்? கெழுக்கள் ஒன்றரை மடங்கு ஆகியும் நேரம் ஒன்றரை மடங்காக, அதாவது 90 ஆக, உயரவில்லை. வரிகள் முரண்படுகின்றன, இணைகோடுகள், விடை இல்லை என்று பாடநூல் சொல்லும். நடைமுறையில் அதற்குப் பொருள் வேறு: மொத்தத்துக்குள் பக்கங்களைச் சாராத ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது. இரண்டாவதில் இருந்து முதலாவதைக் கழித்தால் 2, 3-க்கு 25 நொடி. அப்படியானால் 4, 6-க்கு 50 தான் ஆக வேண்டும். மீதி 10 நொடி, இயந்திரம் சூடேறி முதல் தாளை இழுக்க எடுத்துக்கொண்ட நேரம். அந்தப் பத்தை எல்லா மொத்தங்களிலும் கழித்துவிட்ட பிறகே திட்ட வடிவம் மெய்யாகும். இப்படி ஒளிந்திருக்கும் நிலையான தொகைகள் பல இடங்களில் உண்டு. எடை பார்க்கும்போது கலத்தின் எடை, பயணத்தில் புறப்படும் முன் காத்திருந்த நேரம். முரண்பட்ட இரண்டு வரிகளைக் கண்டதும் அளவெடுத்தவரைக் குறை சொல்லாமல், முதலில் இதைத் தேடுவது நல்லது.

கடைசியாக, சரியாக எழுதி, சரியாகத் தீர்த்தும் நம்ப முடியாத விடை தரும் கணக்கு. 100 திருகுகள் கலந்து கிடக்கின்றன, ஒரு வகை 5 கிராம், இன்னொன்று 5.1 கிராம். எண்ணிப் பிரிக்காமல் எடையை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

க + ச = 100
5க + 5.1ச = 505

முதலாவதை ஐந்தால் பெருக்கிக் கழித்தால் 0.1ச = 5, ச = 50. கணக்கில் குறை இல்லை. ஆனால் தராசு 1 கிராம் கூடுதலாக, 506 என்று காட்டினால் ச = 60. ஒரு கிராம் பிசகு பத்துத் திருகுகளை இடம் மாற்றிவிடுகிறது. எல்லைகளை முதலிலேயே பார்த்திருந்தால் இது முன்கூட்டியே தெரிந்திருக்கும். எல்லாமே முதல் வகை என்றால் 500 கிராம், எல்லாமே இரண்டாம் வகை என்றால் 510. நூற்றொரு வாய்ப்புகளும் பத்தே கிராமுக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. கோடுகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாய்வில் ஓடுவதால் அவை வெட்டிக்கொள்ளும் புள்ளி சிறு அசைவுக்கும் வெகுதூரம் வழுக்குகிறது. இந்தத் திருகுகளைக் கிராமின் நூற்றில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் நிறுக்க வேண்டும், அல்லது கையால் எண்ண வேண்டும். வேறு சமன்பாடு எழுதிப் பயனில்லை.

எடைகள் 5, 8 கிராம் என்றால் எல்லைகள் 500, 800. மொத்தம் 650 என்றால் 3ச = 150, ச = 50. தராசு 651 என்று காட்டினால் ச = 50.33. மூன்றில் ஒரு திருகு இருக்க முடியாது. அளவில் சிறு பிசகு இருக்கிறது என்று அதுவே காட்டிவிடுகிறது, அருகில் உள்ள முழு எண்ணும் மறுபடி 50 தான்.